உச்சந்தலைத் தழும்பில் முற்றிய தோல் புற்றுநோய்: ஸ்கேன் எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை

அந்த அம்மா உள்ளே வந்தபோது தலையில் துணி கட்டியிருந்தார். கையில் ஒரு ஸ்கேன் உறை. மகள்தான் பேச்சைத் தொடங்கினார்.

"ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னு சொன்னாங்க டாக்டர். ஆனா புண்ணு மட்டும் ஆறவே மாட்டேங்குது."

உறையைப் பிரித்துப் பார்த்தேன். காண்ட்ராஸ்ட் (இரத்த ஓட்டமுள்ள இடங்களைப் படத்தில் ஒளிரவைக்கும் மருந்து) ஊசி போட்டு எடுத்த கழுத்து சி.டி. படத்தின் தரம் நன்றாகவே இருந்தது. கழுத்தில் பெரிதான நெறிக்கட்டி எதுவும் இல்லை என்று அறிக்கை சொன்னது, அதிலும் தவறில்லை. ஆனால் முதல் படம் காது மட்டத்தில் தொடங்கி, கடைசிப் படம் மார்பின் மேல்பகுதியில் முடிந்திருந்தது. புண் இருந்ததோ உச்சந்தலையில். எடுத்த ஸ்கேனுக்குள் அந்தப் புண் வரவே இல்லை.

"நார்மல்" என்ற ஒரு சொல்லை நம்பி அந்தக் குடும்பம் மூன்று மாதம் களிம்பு தடவிக்கொண்டிருந்தது. இதை எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணம் அந்த மூன்று மாதம். நான் ஸ்கேன் படிக்கும் மருத்துவர். அறுவை செய்பவன் அல்ல. அதனால் இந்த நிகழ்வை என் மேசையிலிருந்து பார்த்தபடியே சொல்கிறேன். அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, இதே நோயோடு வந்த ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்து ஒருவராக எழுதியிருக்கிறேன்.

புண்ணின் கதை

வயது 58. ஆறு வயதில் கொதிநீர் கொட்டி உச்சந்தலை ஆழமாக வெந்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அதற்கப்புறம் ஐம்பது ஆண்டுகளாக அங்கே முடி இல்லாத, பளபளப்பான, மெல்லிய தழும்பு. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதில் சின்னதாக ஒரு வெடிப்பு.

"ஏம்மா, அப்பவே காட்டியிருக்கலாமே?"

"காய்ஞ்சு பொருக்கு தட்டும், திரும்ப உரியும் டாக்டர். பழைய தழும்புதானேன்னு விட்டுட்டேன்."

இந்தப் பதிலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஐம்பது ஆண்டுகள் கூடவே இருந்த தழும்பின் மீது யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் நாள்பட்ட தீக்காயத் தழும்பில் புற்று வரும் என்பது மருத்துவத்துக்குப் பழைய செய்தி. 1828இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ழான் நிக்கோலா மார்ஜோலின் தழும்பில் வரும் இத்தகைய புண்களை விவரித்தார்; இன்றும் மார்ஜோலின் புண் என்றே சொல்கிறோம். பெரும்பாலும் அது தோலின் மேலடுக்குச் செல்களில் தொடங்கும் செதிள் செல் புற்றுநோயாக இருக்கும். வெளுத்த தோல் உள்ளவர்களுக்குத் தலையில் இந்த நோய் வருவதற்கு முக்கியக் காரணம் வெயில், அதிலும் வழுக்கைத் தலையில் பல ஆண்டுகள் படும் வெயில். கறுத்த தோல் உள்ளவர்களிடம் பழைய தழும்பும் ஆறாத புண்ணும் பெரிய பங்கு வகிக்கின்றன. உறுப்பு மாற்று செய்து எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு, தோல் எந்த நிறமாக இருந்தாலும், ஆபத்து கூடுதல்.

துணியை அவிழ்த்தார். 7 சென்டிமீட்டர் நீளம், 6 சென்டிமீட்டர் அகலம். ஓரங்கள் தடித்து வெளிப்பக்கமாகச் சுருண்டிருந்தன. சீழ் வாடை. நடுவில் ஒரு ரூபாய் அளவுக்கு மங்கலான மஞ்சள் திட்டு, அது எலும்பு.

உங்கள் தலையில் விரல்களைப் பதித்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். தோல் மண்டையோட்டின் மேல் வழுக்கிக்கொண்டு நகரும். தோலின் கீழ் அடுக்குகளுக்கும் எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கும் இடையே தளர்வான ஒரு அடுக்கு இருப்பதால்தான் இந்த நகர்வு. புற்று இந்த அடுக்கை எட்டிவிட்டால் பக்கவாட்டில் வெகுதூரம் பரவும், மேலே பார்த்தால் தெரியாது. இந்த அம்மாவுக்கோ தீக்காயத்தில் அந்த அடுக்கே அழிந்து, தழும்பு நேராக எலும்பில் ஒட்டியிருந்தது. புண்ணின் ஓரத்தைப் பிடித்து அசைத்தால் தலை முழுவதும் சேர்ந்து அசைந்தது. கீழே எலும்பு பாதிக்கப்பட்டிருக்கும் என்பதற்கு அதுவே முதல் தடயம். பயாப்ஸியில் செதிள் செல் புற்றுநோய் என்று உறுதியானது.

எலும்பு

மண்டையோட்டு எலும்பு மூன்று அடுக்குகளால் ஆனது. வெளியே கெட்டியான ஒரு தகடு, உள்ளே கெட்டியான ஒரு தகடு, நடுவில் மஜ்ஜை நிறைந்த பஞ்சு போன்ற எலும்பு. புற்று வெளித்தகட்டைச் சுரண்டியிருந்தால் ஒரு வகை அறுவை. மஜ்ஜைக்குள் போயிருந்தால் எலும்பையே முழு ஆழத்துக்கு வெட்டி எடுக்க வேண்டும். உள்தகட்டையும் துளைத்திருந்தால் நரம்பியல் அறுவை மருத்துவர் மேசைக்கு வர வேண்டும்.

இதைப் பார்க்க சி.டி.தான் முதலில். ஆனால் உச்சந்தலையில் சி.டி. ஏமாற்றும், அதைச் சொல்லியாக வேண்டும். கவிழ்த்து வைத்த கிண்ணத்தை நடுவில் குறுக்கே வெட்டினால் அதன் விளிம்பு தெளிவான வட்டமாகத் தெரியும். அதே கிண்ணத்தின் உச்சியில் வெட்டினால் கத்தி அடிப்பாகத்தோடு இணையாகவே ஓடும். எது வெளிப்பக்கம், எது உள்பக்கம் என்று பிரிக்க முடியாது. வழக்கமான குறுக்குவெட்டுப் படங்களில் உச்சந்தலை எலும்பு இப்படித்தான் அகலமாக, மங்கலாகத் தெரியும். சின்ன அரிப்பு அதில் மறைந்துபோகும். இல்லாத அரிப்பு இருப்பதுபோலவும் தோன்றும். அதனால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் எடுத்து, அதை முன்பின்னாகவும் இடவலமாகவும் வெட்டிய படங்களாகத் திரும்ப அமைத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

அப்படி அமைத்த படத்தில் வெளித்தகடு செல்லரித்த மரம்போல இருந்தது. நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம், ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்கு உள்தகடும் இல்லை.

சரி, தகடு தெரிந்துவிட்டது, மஜ்ஜை? அதற்கு எம்.ஆர்.ஐ. இந்த வயதில் மண்டையோட்டு மஜ்ஜையில் கொழுப்பு அதிகம், எம்.ஆர்.ஐ.யில் டி1 என்ற வகைப் படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். புற்று புகுந்த இடம் சாம்பல் நிறமாகிவிடும். காண்ட்ராஸ்ட் போடுவதற்கு முன்னால் எடுக்கும் இந்த எளிய படத்தைச் சிலர் அவசரத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் அனுபவத்தில் மண்டையோட்டு மஜ்ஜைக்கு இதைவிட நேர்மையான படம் வேறு இல்லை. சி.டி.யில் எலும்பு கெட்டதாகத் தெரிந்த எல்லையைத் தாண்டி இன்னும் ஒரு சென்டிமீட்டர் தூரம் மஜ்ஜை சாம்பலாகியிருந்தது. சி.டி.யை மட்டும் நம்பி வெட்டியிருந்தால் அந்த ஒரு சென்டிமீட்டர் உள்ளேயே தங்கியிருக்கும்.

மூளையுறையும் பெருஞ்சிரையும்

என்னை அதிக நேரம் உட்காரவைத்தது இந்த இடம்தான்.

எலும்புக்குக் கீழே மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த உறை, டியூரா. பக்கத்தில் புற்றோ சீழோ இருந்தால் டியூரா எதிர்வினையாகவே தடிக்கும். காண்ட்ராஸ்ட் ஊசிக்குப் பின் ஒரு வெள்ளைக்கோடாக ஒளிரும். கோடு தெரிந்தவுடன் "டியூராவில் புற்று" என்று எழுதிவிட்டால், தேவையில்லாமல் பெரிய அறுவைக்கு வழி செய்தவர்களாகிவிடுவோம். எழுதாமல் விட்டால் அதைவிட மோசம். மெல்லிய, சீரான கோடு எதிர்வினையாக இருக்க வாய்ப்பு அதிகம். முடிச்சுபோல் புடைத்து, 5 மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, அல்லது மூளையின் மேற்பரப்பே ஒளிர்ந்தால் புற்று புகுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இவருக்கு இரண்டும் இருந்தன. உள்தகடு துளைபட்ட இடத்துக்கு நேர் கீழே 6 மில்லிமீட்டர் முடிச்சு. அதைச் சுற்றி மூன்று சென்டிமீட்டர் தூரத்துக்கு நூல்போல ஒரு கோடு. மூளையின் மேற்பரப்பு ஒளிரவில்லை, மூளையில் வீக்கமும் இல்லை. முடிச்சைப் புற்று என்றும், கோட்டைப் பெரும்பாலும் எதிர்வினை என்றும் எழுதினேன்.

அந்த முடிச்சு மேல் நடுப்பெருஞ்சிரையின் வலச்சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூளையின் மேற்பகுதி இரத்தம் இதயத்துக்குத் திரும்பும் பெரிய வாய்க்கால் அது, நெற்றியிலிருந்து பின்மண்டை வரை நடுக்கோட்டில் ஓடுகிறது. அதன் முன் மூன்றில் ஒரு பங்கைக் கட்டினால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளலாம். உச்சந்தலைக்குக் கீழே இருப்பது நடுப்பங்கு. அங்கே ஓட்டம் நின்றால் மூளையில் இரத்தம் தேங்கிக் கால்களே செயலிழக்கலாம்.

முதலில் எடுத்த சிரைப்படத்தில், காண்ட்ராஸ்ட் இல்லாமல் இரத்த ஓட்டத்தை மட்டும் வைத்து எடுக்கும் முறையில், அந்த இடத்தில் ஒரு இடைவெளி தெரிந்தது. அடைப்பு என்றே தோன்றும். ஆனால் படத்தின் தளத்தோடு இணையாக ஓடும் இரத்தமும் மெதுவாக ஓடும் இரத்தமும் இந்த முறையில் இதேபோல் காணாமல் போகும். அதனால் காண்ட்ராஸ்ட் ஊசியோடு மறுபடி எடுத்தோம். சிரை நெருக்கப்பட்டிருந்தது, ஆனால் திறந்திருந்தது. ஏற்கெனவே முழுதும் அடைபட்டிருந்தால் மாற்றுப்பாதைகள் உருவாகியிருக்கும், வெட்டினாலும் ஆபத்து குறைவு. திறந்திருக்கும் சிரையைத்தான் தொடுவதற்குப் பயப்பட வேண்டும்.

நெறிக்கட்டிகள்

அடுத்தது பெட் சி.டி.: கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி, அதை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரக் காட்டும் ஸ்கேன். வழக்கமாகக் கபாலத்தின் அடியிலிருந்து நடுத்தொடை வரை எடுப்பார்கள். மறுபடியும் அதே பள்ளம்! விண்ணப்பத்தில் "உச்சந்தலையிலிருந்து" என்று எழுதியதோடு நிற்காமல், டெக்னீசியனிடம் நேரில் போய்ச் சொன்னேன்.

உச்சந்தலையின் நிணநீர் எந்தப் பக்கமும் வடியும். முன்பகுதி காதின் முன்னாலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் நெறிக்கட்டிகளுக்கும், பின்பகுதி காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் உள்ளவற்றுக்கும் போகும். நடுப்பகுதி இரண்டுக்கும், இருபுறமும் போகலாம். பெட்டில் வலப்பக்கம் இரண்டு ஒளிர்ந்தன: காதுக்குப் பின்னால் 14 மில்லிமீட்டரில் ஒன்று, உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் 8 மில்லிமீட்டரில் ஒன்று. சீழ்பிடித்த புண் தலையில் இருக்கும்போது நெறிக்கட்டி ஒளிர்வதில் ஆச்சரியம் இல்லை, அழற்சியும் சர்க்கரையை விழுங்கும். அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே இரண்டிலும் ஊசி போட்டு எடுத்தோம். பெரியது வெறும் அழற்சி. சின்னதில் புற்று.

டியூராவைப் பற்றி பெட் எதுவும் சொல்லவில்லை. மூளையே சர்க்கரையை அள்ளிக் குடிக்கும் உறுப்பு. அதன் பிரகாசத்துக்குப் பக்கத்தில் 6 மில்லிமீட்டர் முடிச்சு தெரியாது. நுரையீரலும் கல்லீரலும் சுத்தமாக இருந்தன.

கூடிப் பேசியது

தலை, கழுத்துத் தோலின் செதிள் செல் புற்றுக்கு அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழுவின் 8ஆம் பதிப்பு வகுத்த நிலைப்படி, மஜ்ஜை வரை புகுந்த இது டி4ஏ என்ற முற்றிய நிலை. நிணநீர் வழியும் பரவியிருந்தது. அறுவை மருத்துவர் என் திரையில் சிரைப்படத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எலும்பையும் டியூராவையும் எடுத்துடலாம். சிரைச்சுவர்ல கொஞ்சம் விட்டுட்டு வர வேண்டியிருக்கும்." விட்டுவிட்டு வரும் அறுவைக்கு யாருக்கும் மனம் வரவில்லை.

பத்து ஆண்டுகளுக்கு முன்பென்றால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். 2018 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அறுவைக்கோ கதிர் சிகிச்சைக்கோ ஏற்றதல்லாத இந்த வகைப் புற்றுக்கு செமிப்லிமாப் மருந்தை அனுமதித்தது. புற்றுசெல்கள் உடலின் காவல் செல்களை உறங்கவைக்கும் பி.டி.1 வழியை அது அடைக்கிறது. உறுப்பு மாற்று செய்தவர்களுக்கு இது மாற்றிய உறுப்பையே நிராகரிக்கவைக்கலாம். இவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை 350 மில்லிகிராம், நான்கு தவணை, அதன்பின் அறுவை என்று முடிவானது.

ஆறாம் வாரம்

இரண்டு தவணைக்குப் பின் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் புண்ணின் தடிமன் 14 மில்லிமீட்டரிலிருந்து 11 ஆகியிருந்தது. ஆனால் டியூரா முடிச்சு 6இலிருந்து 8 ஆகியிருந்தது, கோடும் நீண்டிருந்தது. அளவுகோலைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன். 8தான்.

இந்த மருந்தில் காவல் செல்கள் புற்றுக்குள் கூட்டமாக நுழையும்போது கட்டி முதலில் வீங்கித் தெரியலாம். அதே சமயம், உண்மையிலேயே வளர்கிற கட்டியைப் "போலி வளர்ச்சி" என்று சொல்லிக் காத்திருந்தால் அறுவைக்கான நேரம் கைநழுவிப் போகும். இதற்காகவே 2017இல் வந்த ஐரெசிஸ்ட் விதிகள், முதல் வளர்ச்சியை உறுதியாகாதது என்று குறித்து, 4 முதல் 8 வாரத்துக்குள் மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்கின்றன. நோயாளியின் நிலை மோசமாகாமல் இருக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி.

எழுந்துபோய் அந்த அம்மாவைப் பார்த்தேன். புண்ணில் வாடை இல்லை. ஓரத்தில் அரிசியளவுக்கு இளஞ்சிவப்புத் தோல் உள்நோக்கி வளர்ந்திருந்தது. "ராத்திரி தலைவலி இல்லாம தூங்கறேன் டாக்டர்" என்றார். திரையில் இருந்த 8ஐவிட அந்த இளஞ்சிவப்பு ஓரத்தை நம்பலாம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டோம். ஐந்து வாரம் காத்திருந்தோம். அந்த ஐந்து வாரமும் எனக்கு நீளமாகத்தான் இருந்தது.

11ஆம் வாரம் முடிச்சு 4 மில்லிமீட்டர். கோடு பாதியாகக் குறைந்திருந்தது. முடிச்சுக்கும் சிரைச்சுவருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிந்தது.

அறுவையும் அதன்பின் தெரிந்ததும்

எவ்வளவு எலும்பை எடுப்பது என்பதை மருந்துக்கு முந்தைய டி1 படத்தை வைத்தே குறித்தோம். சுருங்கிய கட்டியின் எல்லையை நம்பி வெட்டக் கூடாது. பழைய எல்லைக்குள் செல்கள் திட்டுத்திட்டாகத் தப்பியிருக்கலாம். எலும்பு, டியூராத் துண்டு, உமிழ்நீர்ச் சுரப்பி, வலப்பக்கக் கழுத்து நெறிக்கட்டிகள் எடுக்கப்பட்டன. சிரை திறக்கப்படவில்லை. பள்ளத்தை மூட முதுகுத் தசையை இரத்தக்குழாயோடு எடுத்து வைத்தார்கள். அதை இணைக்க வலப்பொட்டுத் தமனிதான் பக்கத்தில் இருந்தது, இரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோவில் அது பழைய தழும்போடு முடிந்துபோயிருந்ததால், இடப்பொட்டுத் தமனியைத் தேர்ந்தார்கள்.

நோய்க்கூறு அறிக்கை வந்தது. எலும்பில் இரண்டு இடங்களில் உயிருள்ள புற்றுசெல்கள், இரண்டும் மருந்துக்கு முந்தைய எல்லைக்குள்ளேயே. நெறிக்கட்டியில் ஒரு சிறு கொத்து. டியூரா முடிச்சில் ஒன்றுகூட இல்லை. நான் 4 மில்லிமீட்டர் என்று அளந்தது புற்றுசெல்கள் விட்டுச்சென்ற கெராட்டின் என்ற தோல் புரதமும் தழும்பும் அதைத் துப்புரவு செய்துகொண்டிருந்த செல்களும்.

இது இவருக்கு மட்டும் நடந்ததில்லை. அறுவைக்கு முன் செமிப்லிமாப் கொடுத்த 79 பேரின் ஆய்வு 2022இல் வெளியானது. வெட்டி எடுத்த திசுவில் புற்றே இல்லாதவர்கள் 51 சதவீதம். ஸ்கேனில் முழுதும் மறைந்ததாகத் தெரிந்தவர்களோ 6 சதவீதம்தான். இந்த இரண்டு எண்களும் என் மேசையில் ஒட்டியிருக்கின்றன. மருந்துக்குப் பின் எடுக்கும் ஸ்கேனில் மிச்சம் தெரிகிறது என்று எழுதும் ஒவ்வொரு முறையும், அது உயிருள்ள மிச்சமா என்பதை என்னால் சொல்ல முடியாது என்றும் சேர்த்து எழுதுகிறேன்.

எலும்பிலும் நெறிக்கட்டியிலும் உயிருள்ள செல்கள் இருந்ததால் கதிர் சிகிச்சை தரப்பட்டது: 30 நாட்கள், மொத்தம் 60 கிரே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு). திட்டமிடும் சி.டி.யின் மேல் பழைய எம்.ஆர்.ஐ.யைப் பொருத்தி எல்லை வரைந்தார்கள்.

தொடர்ந்து பார்ப்பது

கதிர் முடிந்து மூன்று மாதத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ., இனி எடுக்கும் எல்லாவற்றுக்கும் அடிப்படைப் படம். அதில் ஒட்டிய தசை முழுவதும் ஒளிர்ந்தது. நரம்பு துண்டிக்கப்பட்ட தசை மாதக்கணக்கில் இப்படி ஒளிரும், பிறகு மெல்ல மெலிந்து கொழுப்பாக மாறும். முதல் பார்வையில் நோய் திரும்பிவிட்டது என்று நெஞ்சு பதறும். தசை நார்களின் வரி கலையாமல் இருக்கிறதா, ஒளிர்வு தசையின் எல்லைக்குள்ளேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முடிச்சாகத் திரண்டால், அதுவும் தசையும் பழைய தோலும் சந்திக்கும் ஓரத்தில் திரண்டால், விடக் கூடாது.

இப்போது ஒன்றரை ஆண்டு ஆகிறது. ஒவ்வொரு முறையும் மேசையில் படுப்பதற்கு முன் அந்த அம்மா டெக்னீசியனிடம் கேட்கிறார்: "உச்சியில இருந்துதானே தம்பி எடுக்கறீங்க?"

சிரையின் வலப்பக்கத்தில் டியூராவில் இன்னும் 2 மில்லிமீட்டர் கோடு ஒன்று ஒளிர்கிறது. அறுவைத் தழும்பாக இருக்கலாம். கடந்த மூன்று ஸ்கேன்களிலும் அது 2தான். அடுத்தது நான்கு மாதம் கழித்து. அதே கருவியில், அதே தடிமனில், அதே கோணத்தில் எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.